ஊசி போட்டால் இறங்கும் காய்ச்சல் மறுநாள் ஏறுவது ஏன்?

கேள்வி: தொண்டி பக்கம் எங்கள் ஊர். இரண்டு மாதம் முன்பு சந்தையில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு வாங்கினேன். கன்று போட்டு பத்து நாளில் காய்ச்சல். ஊசி போட்டால் இறங்கி, மறுநாளே ஏறுகிறது. பால் பாதியாகிவிட்டது, தோளுக்கு முன்னால் முட்டை அளவு வீக்கம். அதே தொழுவத்தில் நிற்கும் நாட்டு மாடு நன்றாக இருக்கிறது. உப்புத்தண்ணீர் குடிப்பதால் வருகிறதா?

பதில்: உப்புத்தண்ணீர் மேல் பழி வேண்டாம். தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் தைலேரியா மேல்தான். உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி அது. காய்ச்சல் ஊசி சூட்டைக் குறைக்கும், ஒட்டுண்ணியைத் தொடாது.

நாட்டு மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். நோய் வெளியே தெரியாமலே ரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சுமந்து நிற்கலாம். அதைக் கடித்த உண்ணி தன் அடுத்த வளர்ச்சிப் பருவத்தில் கலப்பின மாட்டைக் கடித்தால் போதும். புது இடம், கன்று ஈன்ற அசதி எல்லாம் சேர்ந்தால் நோய் முற்றிவிடும்.

பலரும் மாட்டுக்கு மட்டும் மருந்து தெளிப்பார்கள், தொழுவத்தை விட்டுவிடுவார்கள். இந்த உண்ணியோ மண்சுவர் வெடிப்பிலும் ஓலைக் கூரை இடுக்கிலும் பதுங்கி முட்டையிடும், ஒன்று ஆயிரக்கணக்கில் இடும். வெடிப்புகளைப் பூசுங்கள், சுவருக்கும் மருந்தடியுங்கள். நாலு கோழி வளர்த்தாலும் பலன் உண்டு, உண்ணியைக் கொத்தித் தின்றுவிடும்! உண்ணி கடித்து ஒட்டியதும் நோயைக் கொடுத்துவிடாது, ஒட்டுண்ணி முதிர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் தினமும் காதுக்குள்ளும் மடியிலும் தடவிப் பாருங்கள். கையால் நசுக்க வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? வேறு மருந்து எதுவும் போடும் முன், காய்ச்சல் இருக்கும்போதே காது நரம்பிலிருந்து ரத்தத் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நெறியிலிருந்தும் எடுப்பது நல்லது. தைலேரியா என்றால் பியூபார்வாகோன் ஊசி. ரத்தசோகை முற்றிய பிறகு போட்டால் அது பெரிதாகக் கைகொடுக்காது. மூத்திரம் காபி நிறத்தில் போனால் அது பபீசியா என்ற வேறொரு ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. மழைக்குப் பின் மாட்டு ஈ கடித்து வரும் சர்ரா நோயும் ரத்தத்தில்தான் தெரியும்.

மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் 1962-ஐக் கூப்பிடுங்கள். நாளைக் காலை மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்துவைத்து, வருகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.