பேச்சுப்போட்டி பிராக்டிஸ்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அரசு உதவி பெறும் பள்ளியில 22 வருஷம் தமிழ் டீச்சர். பேச்சுக்குழு முழுக்க என் தலையிலதான் இருந்துச்சு. இன்னைக்கு சாயங்காலம் ஃப்ரீ, கேளுங்க.

டீச்சர், பேச்சுக்குழு பொறுப்பை இந்த வருஷம் என்கிட்ட குடுத்துட்டாங்க. வாரத்துக்கு எத்தனை நாள் பிராக்டிஸ் வைக்கணும்?

தினமும் இருபது நிமிஷம் போதும் சார். போட்டிக்கு முந்தின நாள் மூணு மணி நேரம் கத்த விட்டு மறுநாள் தொண்டை கட்டி நிக்கிற பிள்ளைங்கள நிறைய பாத்துட்டேன். நாங்க ஸ்கூல் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிப்போம், ஏன்னா அங்க சத்தம் இருக்கும், அமைதியான கிளாஸ்ரூம்ல பேசிப் பழகினவன் மைக் கரகரன்னு இழுத்தாலே தடுமாறிடுவான். உக்காந்து பிராக்டிஸ் பண்ணவே கூடாது. ஒருத்தர் பேசினா மத்தவங்க கேக்கணும், கேட்டுட்டு என்ன புரிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்லணும். ரெண்டு நாள் வராதவங்கள நான் திட்ட மாட்டேன், அந்தப் போட்டிக்கு மட்டும் பேர் குடுக்க மாட்டேன், அவ்வளவுதான். பரீட்சை நேரத்துல மொத்தமா லீவு.

அஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் எழுதணும் மேடம்?

400 வார்த்தை. பக்கத்த எண்ணாதீங்க, கையெழுத்துக்கு ஏத்த மாதிரி மாறும்.

குரல் நல்லா வர பச்சை முட்டை குடுக்கலாமா? வாயில கூழாங்கல் போட்டுப் பேசணும்னு மாமனார் சொல்றாரு.

முட்டை வயித்துக்குத்தான் போகும், குரல்நாண் பக்கமே போகாது. வெதுவெதுப்பான தண்ணி குடுங்க. கூழாங்கல் பழைய கிரேக்கத்துப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கதை, உங்க பிள்ளை முழுங்கிட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நீங்கதான்.

நான் எழுதிக் குடுத்து பையன் மனப்பாடம் பண்றான். நடுவுல மறந்தா என்ன செய்ய?

இதத்தான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன், எழுதிக் குடுக்காதீங்கம்மா! நானும் ஒரு காலத்துல அந்தத் தப்பைப் பண்ணினவதான். எட்டாவது படிச்ச பொண்ணு, அம்பேத்கர் தலைப்பு, எழுத்து பூரா என்னோடது. பொதுக்குளத்துல தண்ணி எடுக்கிற உரிமைக்காக அம்பேத்கர் நடத்தின 1927 மகத் குளத்துப் போராட்டத்துக்கு வரவும், நேரம் முடியப் போகுதுன்னு எச்சரிக்கை மணி அடிச்சாங்க, டிங்னு ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான், நின்னுட்டா. தாவணிப் பின்னை மூடி மூடித் திறக்கிறா. அப்புறம் திடீர்னு "அவையோருக்கு என் முதற்கண் வணக்கம்"னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சுட்டா. மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு நடுவுல ஏறத் தெரியாது, பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்துதான் பஸ் ஏறும். குளத்துத் தண்ணிய ஏன் தொடக் கூடாதுன்னாங்கன்னு அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் குடுக்கல. அன்னைக்கு மேடையில தோத்தது நான்தான். அதுலேர்ந்து பிராக்டிஸ்ல டிபன் தட்டுல கரண்டியால நினைச்ச நேரம் தட்டுவேன், பிள்ளைங்க நிக்காம பேசணும். கையில துண்டுச்சீட்டுல ஞாபகத்துக்கு அஞ்சு வார்த்தை மட்டும்.

நான் மனப்பாடம் பண்ணி மாவட்ட அளவுல பரிசு வாங்கினவன் மேடம். 1330 குறளும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அரசாங்கமே பரிசு குடுக்குது. மனப்பாடம் கேவலமா?

கேவலம்னு எங்க சொன்னேன் தம்பி? குறள் முழுசையும் ஒப்பிக்கிற முற்றோதல் வேற, பேச்சு வேற. அந்த 1330-லயே 650-வது குறள் என்ன சொல்லுது, படிச்சதை விரிச்சுச் சொல்லத் தெரியாதவன் கொத்தா பூத்தும் வாசம் இல்லாத பூன்னு.

அந்தக் குறளையும் மனப்பாடமாத்தானே வச்சிருக்கீங்க?

மடக்கிட்டீங்க! சரி, மேற்கோளை மனப்பாடம் பண்ணுங்க, முதல் வரியும் கடைசி வரியும் பண்ணுங்க, நடுவுல உள்ளதைப் புரிஞ்சு பேசுங்க. இதுக்கு மேல இறங்கி வர மாட்டேன். உங்க வீட்ல பொண்ணு இருந்தா இன்னைக்கே தட்டு எடுத்து சோதிச்சுப் பாருங்க.

எத்தனை பக்கம் எழுதணும் டீச்சர்?

மேல பாருங்க.

தமிழ் வளர்ச்சித் துறை போட்டிக்கு யாரெல்லாம் போகலாம்?

6-லேர்ந்து 12-ஆம் வகுப்பு வரைக்கும். மாவட்ட அளவுல 5000, 3000, 2000 பரிசு, அதுபோக அரசுப் பள்ளிப் பிள்ளைங்க ரெண்டு பேருக்குத் தனியா 2000. ஹெச்.எம். மூலமா போங்க. வாட்ஸ்அப்ல வர்ற காந்தி மேற்கோள், கலாம் மேற்கோள் எதையும் புத்தகத்துல பாக்காம சேக்காதீங்க, நடுவர்ல ஒருத்தராவது படிச்சவரா இருப்பாரு.

ழகரம் வரல.

நாக்கு நுனிய மடிச்சு மேலண்ணத்துகிட்ட கொண்டு போகணும். ஏழு, கிழமை, வாழைப்பழம்னு மெதுவா தினம் அஞ்சு நிமிஷம். வேகம் கூடாது.

இங்கிலீஷ் டிபேட்டுக்கு டிப்ஸ்?

அது என் ஏரியா இல்ல, இங்கிலீஷ் டீச்சரைக் கேளுங்க.

அஞ்சு நிமிஷத்துக்கு ரெண்டு பக்கம் போதுமா?

ஐயோ சாமி, 400 வார்த்தை!

மேடம், நான்தான், மனப்பாடக்காரன். தட்டைத் தட்டிப் பாத்தேன், பொண்ணு பேச்சை நிறுத்திட்டு "அப்பா, தோசை ரெடியா?"ங்கிறா.

விடாம தட்டுங்க தம்பி. நாலாவது நாள் கேக்க மாட்டா.