செஞ்சிக் கோட்டை எட்டு வருட முற்றுகையைத் தாங்கியது எப்படி?

போன டிசம்பர் ஸ்கூல் லீவில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது மகனோடு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறினேன். பாதி வழியில் அவனும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டான், அப்போது எனக்கிருந்த மூச்சிரைப்பில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று சுமார் 163 மீட்டர். ராஜகிரி ஏறத்தாழ 240 மீட்டர், அதுவும் பாறைமேல் பாறை. உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு ஆழமான பிளவு, அந்தக் காலத்தில் அதைக் கடக்க மரப்பாலம்தான். அதை எடுத்துவிட்டால் நாலு பேர் போதும், ஒரு படையையே நிறுத்திவிடலாம்.

ஆனால் மலையும் மதிலும் மட்டும் இருந்து என்ன செய்ய? சோறும் தண்ணீரும் வேண்டுமே. என்னைக் கேட்டால் செஞ்சியின் பலமே அங்கேதான். உச்சியில் சுனை, களஞ்சியம், அரங்கநாதர் கோயில். அடிவாரத்தில் ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம். கல்யாண மகாலின் மாடிகளுக்குக்கூட மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம், இது ஒரே கோட்டை இல்லை; ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைக்கும் தனித்தனிக் காவல் வைத்து, மூன்றையும் சுற்றி மதில் இழுத்திருப்பதால் ஒன்று விழுந்தாலும் இன்னொன்றில் இருந்துகொண்டு சண்டை போடலாம்.

கோட்டைக்கே முழுப் பெருமையையும் கொடுப்பதும் சரியில்லை. 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து சேர, அடுத்த வருடமே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து வளைத்தார். ஆனால் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி, தனாஜி இருவரின் குதிரைப்படை வெளியிலிருந்து மொகலாயர்களுக்கு வரும் தானியத்தை மறித்ததில், ஒரு கட்டத்தில் முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகமும் அப்போதே இருந்தது. 1698 ஜனவரியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, ஏற்கெனவே தப்பிவிட்டார்.

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபிறகு கூட்டம் அதிகமாம். போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். எங்களுடையதைக் குரங்கு பிடுங்கிப்போய், எங்கள் கண்ணெதிரே மூடியைக் கடித்துத் திறந்து குடித்தது.