மாதிரி விமானத்தின் எஞ்சின் பலகையில் அடித்த பாலிஷ் பிசுபிசுக்கிறதா?

பாலிஷை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, 30 நிமிட எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்தால் சுமார் அரை மணியில் இறுகத் தொடங்கும் பசை) பூசுங்கள். தளபாடத்துக்கு அடிக்கும் பிரெஞ்ச் பாலிஷை மூன்று தடவை பூசியும், எஞ்சினுக்கு ஊற்றும் குளோ எரிபொருள் பட்டால் மரம் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். நான்காவது தடவை பூசினாலும் அதேதான் நடக்கும்.

பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கு. அது ஆல்கஹாலில் கரையும். குளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், அதுவும் ஆல்கஹால்தான். சந்தேகம் இருந்தால் கையுறை போட்டு, மெத்தனால் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேயுங்கள். துணியில் பழுப்பு ஒட்டினால் அரக்கேதான்.

எபாக்சியைக் கலந்து பூசியதும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். இளகி மரத்துக்குள் இறங்கும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், வீண் பாரம். திருகாணித் துளைகள், பலகையின் வெட்டு விளிம்புகள், எரிபொருள் டாங்கி வைக்கும் அறை, இவற்றை விட்டுவிடாதீர்கள். எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெய் முதலில் நுழைவது அங்கேதான்.

ஒன்று மட்டும் கவனம்: ஏற்கெனவே எண்ணெய் ஊறிய பல்சா மரத்தில் எபாக்சி பிடிக்காது. அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதே நல்லது. அப்புறம், திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மழை நாளில் இதைச் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் எபாக்சியின் மேற்பரப்பு பிசுக்காக நின்றுவிடும்.