திருவெறும்பூரில் குடியிருந்து திருச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய்வர வசதிப்படுமா?

கேட்டவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வருகிறார், அலுவலகம் கண்டோன்மென்ட்டில், வாடகை குறைவு என்று நண்பர்கள் திருவெறும்பூரைச் சொல்கிறார்கள். நான் ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில், காட்டூரை அடுத்துக் குடியிருக்கிறேன். வேலைக்குப் போவதும் கண்டோன்மென்ட்டுக்குத்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில், தாம்பரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். தாம்பரத்தில் காலைக் கூட்டம் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். இங்கே அப்படியில்லை. 1960களில் பெல் கொதிகலன் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடியில் அன்றைய ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.) என எல்லாம் நகருக்குக் கிழக்கே வந்து அமர்ந்தன. அதற்கும் முன்பே, 1920களில், நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு இடம் மாறியிருந்தது. ஆகவே நாம் நகருக்குப் போகும் அதே எட்டு மணிக்கு நகரம் நம் ஊருக்கு வேலைக்கு வருகிறது. பெல்லை நம்பியிருக்கும் சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகளின் ஆட்கள், கல்லூரிப் பேருந்துகள், இரும்புத் தகடு ஏற்றிய லாரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தஞ்சாவூர் சாலைதான். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

உண்மையான சிக்கல் தூரமில்லை, சாலையைக் கடப்பதுதான். திருச்சிக்குப் போகும் பஸ் சாலையின் தென்பக்கம் நிற்கும், துவாக்குடி பக்கம் போவது வடபக்கம் நிற்கும். எந்தப் பக்கம் வீடு எடுத்தாலும் நாளுக்கு ஒரு முறை நெடுஞ்சாலையைக் கடந்தே ஆக வேண்டும். காலையிலா, மாலையிலா என்பது மட்டுமே உங்கள் கையில். எங்கள் வீடு வடக்கே. நான் காலையில் கடக்கிறேன். மனைவிக்குத் துவாக்குடிப் பக்கம் பள்ளியில் வேலை, அவள் வீடு திரும்பும்போது கடக்கிறாள். இருட்டிய பிறகு எதிர்ப்பக்கம் நின்று அவளுக்காகக் காத்திருக்கும் கால்மணி நேரம்தான் என் நாளில் மிக நீளமானது. பால்பண்ணை சந்திப்பிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் சாலை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவதன் அர்த்தம் அந்தக் கால்மணி நேரத்தில் நன்றாகவே விளங்கும்.

ரயிலை மறந்துவிடாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து வரும் காலைப் பாசஞ்சர், பூதலூர், அய்யனாபுரம், சோளகம்பட்டி என்று ஆள் ஏற்றிக்கொண்டு திருவெறும்பூருக்கு வரும். தூக்குச்சட்டியோடு ஆலை வேலைக்கு வருகிறவர்கள் இங்கே இறங்குவார்கள், அந்த இடத்தில் நாம் ஏறி உட்காரலாம். சீசன் டிக்கெட் பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஜங்ஷனில் இறங்கினால் கண்டோன்மென்ட் கிட்டத்தில்தான். வண்டி தவறினால் அடுத்ததற்குக் காத்திருப்பது வீண், பஸ்ஸுக்கு ஓடுங்கள்.

வாடகைக்கு மட்டும் என்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இங்கே ஓராண்டு இருந்தாலே யாராவது ஒரு தரகர் உங்களை மனை பார்க்க அழைத்துப் போவார். தெற்கே பொதுவாக மேட்டு நிலம். வடக்கே காவிரி வரை வாய்க்கால் பாசனம். பேட்டைவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்தின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. அதன் கிளை வாய்க்கால்கள் பாய்ந்த நஞ்சையில்தான் இன்று மனை விற்பவர்களின் வண்ணக் கொடிகள் பறக்கின்றன. எனக்கு மனை காட்டியவர், "நல்ல தண்ணீர் வளமுள்ள இடம் சார்" என்றார். பொய் சொல்லவில்லை. வாங்கிய ஆண்டு ஐப்பசியில் என் நான்கு எல்லைக்கற்களில் இரண்டுதான் வெளியே தெரிந்தன. கிராவல் அடித்து மேடாக்கிய செலவில் இன்னொரு அறை கட்டியிருக்கலாம். பக்கத்து வயல்காரர் பிறகு சொன்னார்: "சித்திரையில வந்து பார்த்தா எல்லா இடமும் மேடுதான் தம்பி."

2011இல் திருவெறும்பூர் பேரூராட்சி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கூத்தைப்பாரோ அப்போது சேராமல் பேரூராட்சியாகவே நின்றது. மனைப் பத்திரத்தில் எந்த ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, குடிநீர், குப்பை வண்டி எல்லாம் அந்த ஊர்ப்பெயரைப் பொறுத்தவை.

வீடு பார்க்க வருவதானால் கார்த்திகையில், வேலை நாளில், காலை எட்டரைக்கு வாருங்கள். மலைக்கோயில் நிறுத்தத்தில் இறங்கி, தேவர்கள் எறும்பாகி வழிபட்டதாகச் சொல்லும் எறும்பீசுவரர் கோயில் குன்றில் ஏறுங்கள். சின்னக் குன்றுதான், மூச்சு வாங்காது. வடக்கே எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது, கீழே சாலை எவ்வளவு தூரத்துக்கு நகராமல் நிற்கிறது என்று இரண்டையும் மேலிருந்தே பார்த்துவிட்டு, அதன்பிறகு தரகரைக் கூப்பிடுங்கள்.