ஃபைபர் ஒயரை மாற்றினால் வேகம் கூடுமா?

கேள்வி: 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். கைப்பேசியில் சோதித்தால் 40-ஐத் தாண்டவில்லை. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஒயரை விலை கூடியதாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். செப்புக் கம்பியோடு பழகிய நமக்கு, கனமான ஒயர் என்றால் நல்ல ஒயர் என்ற நினைப்பு. கண்ணாடி இழையில் அந்தக் கணக்கு செல்லாது. மஞ்சள் உறைக்குள் இருக்கும் கண்ணாடியின் மொத்தத் தடிமனே 125 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. அதிலும் ஒளி ஓடுவது நடுவிலுள்ள சுமார் 9 மைக்ரான் பகுதியில்தான். அதைச் சுற்றிய கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கொஞ்சம் குறைவு. அதனால் ஒளி வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே திரும்பித் திரும்பிப் போகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான்.

1970-ல் கார்னிங் நிறுவனம் செய்து காட்டிய இழையில், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் நூறில் சுமார் இரண்டு பங்கு ஒளிதான் மிஞ்சியது. அதையே பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள்! இன்றைய சாதாரண இழையில் அதே தூரத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல் மிஞ்சுகிறது. உங்கள் வீட்டில் இருப்பதோ இரண்டு மூன்று மீட்டர். அதை மாற்றி என்ன ஆகப்போகிறது? இழை பழுதானால் பெரும்பாலும் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும், அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். சீராக 40-ல் நிற்காது.

சந்தேகம் வைஃபை மேல்தான். மடிக்கணினியை லேன் ஒயரால் மோடத்தில் செருகிச் சோதியுங்கள். 300 வந்தால், கைப்பேசியை வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்; ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் 5 கொஞ்சம் சோப்ளாங்கி. 94, 95-லேயே நின்றால், லேன் ஒயரோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வகை. ஒயரில் செருகியும் 40 என்றால் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு என்ன என்றும் கேளுங்கள். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை இணைப்பில் அது சுமார் −8 முதல் −27 டிபிஎம்முக்குள் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) இருக்க வேண்டும். −27-ஐ ஒட்டி இருந்தால் ஒளி மிகவும் குறைவு என்று பொருள்; வெளியே எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கலாம். மாலையில் மட்டும் மந்தமா? ஒரே இழையின் 2.5 ஜிபிபிஎஸ்ஸை ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்து 32, 64 வீடுகளுக்குக்கூடப் பகிர்கிறார்கள். அதற்கும் உங்கள் மஞ்சள் ஒயருக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: மோடத்தை 20 மீட்டர் தள்ளி வேறு அறைக்கு மாற்ற வேண்டும். நீளமான ஃபைபர் ஒயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் முனையின் நிறம். பச்சை முனையில் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஜோராகச் செருகிக்கொள்ளும், அதுதான் வம்பு: நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். இப்போது இருப்பது எந்த நிறமோ அதையே வாங்குங்கள். 'சிங்கிள் மோடு' (மேலே சொன்ன 9 மைக்ரான் நடுப்பகுதி கொண்ட வகை) என்று கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு, வெளிர்நீல உறைகளில் வருவது பொதுவாக மல்டிமோடு, இதற்கு ஆகாது. மூலைகளில் வளைக்க வேண்டியிருந்தால் உறையில் ஜி.657.ஏ2 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அது 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும். அதற்காக ஆணி அடித்து நசுக்கிவிடாதீர்கள். தூசி மூடியைச் செருகும்வரை கழற்ற வேண்டாம். முனைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது, உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

ஆனால் நானாக இருந்தால் மோடத்தை நகர்த்தவே மாட்டேன். அந்த அறைக்கு ஒரு கேட்-6 லேன் ஒயர் இழுத்து, முனையில் இன்னொரு ரவுட்டர் வைப்பேன். 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாராளமாகப் போகும், வளைவு, தூசி என்ற கவலையும் குறைவு.