டான்சில் பெரிதாக இருந்தால் நோயா? பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதே என் தொழில். டான்சில், அடினாய்டு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகனுக்கு ஐந்து வயது. தொண்டையின் இருபுறமும் கோலிக்குண்டு போலச் சதை. மாதம் தவறாமல் சளி. எதிர்ப்பு சக்தி குறைவா?

சதை பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து எதிர்ப்பு சக்தி குறைவு என்று சொல்ல முடியாது, அம்மா. டான்சிலில் 10 முதல் 30 குழிகள் உண்டு. ஒவ்வொன்றும் உள்ளே கிளை பிரிந்து போகும். மூச்சோடும் எச்சிலோடும் வரும் வைரஸ் அந்தக் குழிகளில் சிக்குகிறது. குழிச் சுவரில் இருக்கும் செல்கள் அதைப் பிடித்து, உள்ளே காத்திருக்கும் வெள்ளணுக்களிடம் ஒப்படைக்கின்றன. அந்த வைரஸுக்கென்றே எதிர்ப்பொருள் தயாராகிறது. அதை நினைவில் வைத்திருக்கும் செல்களும் உருவாகின்றன.

சளி உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றோடு பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளி சேர்ந்த புதிதில் அதற்கு மேலும் வரலாம். இந்த வயதில்தான் டான்சிலுக்கு வேலை அதிகம், அதனால்தான் பருமனும் அதிகம். வளர வளரச் சுருங்கும்.

உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதுதான் டான்சிலா?

இல்லை. நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இருபுறமும் இருப்பவை டான்சில்கள். டான்சில் போன்ற அதே வகைச் சதையான அடினாய்டோ மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கிறது. எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தாலும் தெரியாது. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோ மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டோதான் பார்க்க முடியும். சளி, காய்ச்சல் தரும் அடினோ வைரஸுக்குப் பெயர் வந்ததே இந்த அடினாய்டால்தான்: 1953இல் அறுத்தெடுத்த அடினாய்டுத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்தபோது அதற்குள் இருந்து வெளிப்பட்டது அந்த வைரஸ். காவல் நிலையத்துக்குள்ளேயே திருடன் குடியிருந்த கதை.

குளிர்ந்த நீர் குடித்தால் டான்சில் வீங்குமா?

வீங்காது. வைரஸோ பாக்டீரியாவோ வந்தால்தான் வீங்கும்.

டான்சிலில் வெள்ளைத் திட்டு. பழைய ஆன்டிபயாட்டிக் பாட்டில் மீதி இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வைரஸாலும் வெள்ளைத் திட்டு வரும். இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். அதன்மேல் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. இவை இல்லாமல் திடீர்க் காய்ச்சலும் விழுங்க முடியாத வலியும் கழுத்தில் நெறி கட்டுதலும் இருந்தால், தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா என்று உறுதியானால் மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இதய வால்வைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கு இடம் கொடுத்தது போலாகும்.

சதை பெரிது, எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். எடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

முதலில் ஒரு பழைய கதை. 1934இல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க் பள்ளிக் குழந்தைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரில் 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். ‘தேவையில்லை’ என்று கழிக்கப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். எஞ்சியோரை மூன்றாம் முறை அனுப்பியபோதும் அதே கதைதான். வெறும் கண்பார்வைக்கு டான்சிலை ஒப்படைத்தால் இதுதான் நடக்கும்.

ஆகவே அளவை விட்டுவிட்டு எண்ணிக்கையையும் தூக்கத்தையும் பாருங்கள். காய்ச்சல், சீழ், நெறி போன்ற அடையாளங்களோடு வரும் தொண்டை அழற்சி ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகள் 5 முறை வீதம், அல்லது 3 ஆண்டுகள் 3 முறை வீதம் வந்திருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். வெறும் சளி இந்தக் கணக்கில் சேராது. இரவில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு இழுக்கிறானா என்று விழித்திருந்து பாருங்கள்; கைபேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி மூச்சு அடைத்தால் நான் தயங்கமாட்டேன், எடுக்கத்தான் சொல்வேன்.

எதிர்ப்பு சக்தி முழுதாகப் போய்விடாது. நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் அதே வகைத் திசு இருக்கிறது. ஆனால் இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். போலியோ தடுப்பு மருந்து பெற்றிருந்த குழந்தைகளுக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்தபின், மூக்குத்தொண்டைச் சுரப்பில் போலியோ எதிர்ப்பொருள் சரிந்ததை 1971இலேயே கண்டார்கள். டென்மார்க்கில் ஏறத்தாழ 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசிய 2018 ஆய்வில், சிறு வயதில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதலாகத் தெரிந்தன. அவர்கள் முன்பே அடிக்கடி நோயுற்றவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், பழி முழுவதையும் அறுவையின் தலையில் கட்ட முடியாது.

அறுவை முடிந்து நான்கு நாள். தொண்டை வெள்ளையாக இருக்கிறது, சீழா?

சீழ் அல்ல, புண் ஆறும்போது படியும் ஏடு. வாய் நாறும், காது வலிக்கும், இரண்டும் எதிர்பார்த்தவைதான். தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்த விடாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்த ஏடு உரியும்போது ரத்தம் கசிய வாய்ப்புண்டு. புது ரத்தம் துப்பினாலோ, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.