ஊதா மூடிக் குழாய்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். மருத்துவ ஆய்வுக்கூட டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அம்மா பால்மரம் சீவிப் பால் எடுக்கிறார். அமெரிக்காவின் நோயியல் சங்கமான ஏஎஸ்சிபி நடத்தும் அனைத்துலக எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்) சான்றிதழ்த் தேர்வுக்கு இரவெல்லாம் மனப்பாடம் செய்கிறேன். விடிந்தால் பாதி மறந்துவிடுகிறது. நீங்கள் இந்த வேலையில் இருந்தவர். எப்படிப் படிப்பது?

ஒரு வாசகி

அன்பு மகளே,

மனப்பாடத்தை இன்றோடு விட்டுவிடு. அம்மா வேலை முடிந்து வந்ததும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் ஏன் கட்டியாகிறது, அமோனியா விட்டால் ஏன் தண்ணீராகவே இருக்கிறது என்று கேள். கிருமி பெருகிப் புளித்தால் பால் திரியும், அமோனியா அதைத் தடுக்கும். நீ இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாய்க்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. அதிலுள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள், இரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் இரத்தம் உறையாது. அந்த ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாக இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைவில் வை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொட்டாசியம் 9 என்று, உயிருக்கே ஆபத்தான அளவில் ஒரு முடிவு வந்தது. பதறிப்போய் வார்டுக்குத் தொலைபேசியை எடுத்தேன். மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சீரம், அதாவது இரத்தத்தின் மேலே தெளியும் நீர், நல்ல வைக்கோல் நிறம், இளஞ்சிவப்பு துளியும் இல்லை. சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கசியவில்லை என்று அர்த்தம். "கால்சியத்தைப் பார்" என்றார். உயிரோடு இருப்பவருக்கு வர முடியாத அளவு குறைவு. ஊதாக் குழாயின் இரத்தத்தை யாரோ சீரம் எடுக்கும் குழாயில் ஊற்றியிருந்தார்கள். மறுபடி எடுத்த இரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தேர்வு இதையேதான் வேறு வேறு உருவில் கேட்கும்.

கேள்விகள் 100, நேரம் இரண்டரை மணி, 999க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. அந்த 400ஐ நாற்பது விழுக்காடு என்று எண்ணிவிடாதே, கேள்வியின் கடினத்தையும் எடைபோட்டுத் தரும் மதிப்பெண் அது. சரியாக விடையளித்தால் அடுத்தது கடினமாக வரும். அப்போது மனம் தளராதே. இரத்த வங்கி, வேதியியல், இரத்தவியல், நுண்ணுயிரியல் நான்கிலும் முதலில் கால் ஊன்று. அமெரிக்க நூல்களின் குளுக்கோஸ் அளவைக் கண்டு மிரளாதே: நாம் மில்லிமோலில் சொல்லும் 7.0ஐ 18ஆல் பெருக்கினால் அவர்கள் மில்லிகிராமில் சொல்லும் 126.

மலேரியாவில் மட்டும் கவனம். சிவப்பணுவின் குறுக்கே பட்டைபோல் ஒட்டுண்ணி தெரிந்தால் 'மலேரியே' வகை என்று பாடநூல் சொல்லும். தேர்வில் பெரும்பாலும் அதுவே விடை. ஆனால் 2004இல் ஆய்வாளர் பல்பீர் சிங் குழுவினர், சரவாக்கின் காப்பிட்டில் மலேரியே என்று எழுதப்பட்ட நோயாளிகளில் பலருக்கு உண்மையில் குரங்குகளிடமிருந்து வரும் 'நோலெசி' வகை மலேரியா இருந்ததைக் கண்டறிந்தார்கள். நோலெசி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகுவதால் நோய் விரைவில் முற்றிவிடும். காட்டோரத் தோட்டத்துக்காரர் காய்ச்சலோடு வந்தால் பாடநூலின் பெயரை அப்படியே எழுதிவிடாதே, மருத்துவரிடம் சொல்.

ஆங்கிலத்தில் படித்தாலும் காரணத்தைத் தமிழில் உனக்கு நீயே சொல்லிப் பார். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அது மறக்காது. நாளை நீல மூடிக் குழாயில் தொடங்கு. கோடுவரை இரத்தம் நிரம்பாவிட்டால் அதை ஏன் திருப்பி அனுப்புகிறோம்? விடையை எனக்கு எழுது.